திருகோணமலையிலிருந்து வெளிநாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போவது எப்படி

இந்த வேலையைத் தேடுகிறவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணித்தியாலச் சான்றிதழ் ஒன்றை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு கண்ணில் படும் விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் போகிறது. அந்த நாடு இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஆங்கில ஆசிரியர் விசா தருமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் காசும் ஒரு வருடமும் போய்விடும். முதலில் நாட்டைத் தெரிவுசெய்யுங்கள். அந்த நாடு கேட்கும் தகுதியை அடுத்துப் பாருங்கள். பத்திரங்களைச் சீர்செய்துவிட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.

எந்த நாட்டுக் கதவு திறந்திருக்கிறது

தென்கொரியா மொழி ஆசிரியர்களுக்குத் தரும் ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களை மனதில் வைத்தே ஆக்கப்பட்டது. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே அது கணக்கில் வராது. சீனாவும் பொதுவாக இதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. இந்த இரண்டு நாடுகளுக்கும் “ஆள் எடுக்கிறோம், கடவுச்சீட்டு பிரச்சினை இல்லை” என்று யாரும் சொன்னால், மாணவர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ உங்களைக் களவாக வேலைக்கு நிறுத்தப் போகிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை. நீங்கள் எந்த மொழியில் படித்தீர்கள் என்று பார்க்கிறது. பாடசாலைகளில் மொழி கற்பிக்கும் ‘பயிற்றுநர்’ விசாவுக்குப் பட்டத்தோடு, கற்பிக்கும் மொழியிலேயே 12 வருடக் கல்வியும் வேண்டும். தரம் 6 முதல் உயர்தரம் வரை ஆங்கில மொழிமூலம் 8 வருடம், ஆங்கிலத்தில் 4 வருடப் பட்டம் என்று கூட்டினால் எண்ணிக்கை சரிவரலாம். ஆனால் எங்கள் பாடசாலைகளின் இருமொழிப் பிரிவில் சில பாடங்களே ஆங்கிலத்தில் நடக்கின்றன என்பதால், அதை ஒவ்வொரு பாடசாலையின் கடிதத்தாலும் நிறுவ வேண்டியிருக்கும். தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் இந்த விசாவுக்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

உண்மையில் நம்மவர்களுக்குத் திறந்திருப்பவை மாலைதீவு, வளைகுடா நாடுகள், வியட்நாம், தாய்லாந்து. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு தகுதியைக் கேட்கின்றன.

மாலைதீவில் பாடசாலைகள் ஆங்கில மொழிமூலம் நடப்பவை. இலங்கை ஆசிரியர்கள் அங்கே புதியவர்களும் அல்லர். கற்பித்தல் தகுதியோடு சேர்ந்த பட்டத்தையே அங்கு மதிக்கிறார்கள். ஆங்கிலப் பட்டமும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் உள்ளவருக்கு இதுதான் மிகக் கிட்டிய வழி. வெளிநாட்டுச் சான்றிதழ்களை மாலைதீவுத் தகைமைகள் அதிகாரசபை மதிப்பிடும். இலங்கையின் தகைமை அளவுகோலில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், அங்கே பட்டம் 7ஆம் மட்டம். எண் வேறாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அளவுகோல்தான் வேறு. சம்பளம் ருஃபியாவில் வரும். ஒரு டொலருக்கு 15.42 ருஃபியா என்பது உத்தியோகபூர்வ விகிதம், ஆனால் அந்த விலைக்கு வங்கியில் டொலர் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் வீட்டுக்குப் போய்ச் சேரும் தொகையைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தத்தில் ஒப்பமிட முன்னர், அதே பாடசாலையில் இப்போது வேலை செய்யும் இலங்கையர் ஒருவரிடம் “மாதம் எவ்வளவு அனுப்ப முடிகிறது” என்று நேராகக் கேளுங்கள். எந்தத் தீவு, தங்குமிடம் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தலைநகர் மாலேயில் வாடகை சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

வளைகுடாவில் மூன்று வகைப் பாடசாலைகளைத் தேடலாம். முதலாவது, தோஹா, மஸ்கற், ரியாத் போன்ற நகரங்களிலுள்ள இலங்கைச் சமூகப் பாடசாலைகள். இரண்டாவது, இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகள். மூன்றாவது, பிரித்தானியப் பாடத்திட்டத் தனியார் பாடசாலைகள். இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகளில் வருடம் ஏப்ரலில் தொடங்கும். ஆகவே ஆள் எடுப்பது டிசம்பர் முதல் மார்ச் வரை. மற்றவை பெரும்பாலும் ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பரில் தொடங்குவதால் ஜனவரி முதல் மே வரை விண்ணப்பிக்க வேண்டும். ஜூலையில் விண்ணப்பித்துவிட்டுப் பதில் வரவில்லை என்று கவலைப்படுவதில் பயனில்லை.

வியட்நாமில் பெரிய நகரங்களில் ஆங்கில நிலையங்கள் நிறைய உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரிடம் மூன்று விடயங்களைக் கேட்பார்கள்: பட்டம், கற்பித்தல் சான்றிதழ், ஐரோப்பிய அளவுகோலின் சி1 என்ற உயர் மட்டத்தில் ஆங்கிலத் திறனைக் காட்டும் பரீட்சைப் பெறுபேறு. ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் அளவில் சி1 என்பது 7.0இல் தொடங்குகிறது. வேலை அனுமதி ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 வருடம்.

தாய்லாந்தில் பட்டமும், தாய்மொழி அல்லாதோருக்கு டோயிக் என்ற ஆங்கிலப் பரீட்சையில் 600 புள்ளி போன்ற ஒரு பெறுபேறும் வேண்டும். பாடசாலையில் கற்பிப்பதானால் ஆசிரியர் சபையிடமிருந்து தற்காலிக அனுமதியைப் பாடசாலையே எடுத்துத்தரும். பாடசாலை வருடம் மே நடுப்பகுதியிலும் இரண்டாம் தவணை நவம்பரிலும் தொடங்கும். நுழைவது இலகு, ஆனால் ஒரே வகுப்பறையில் ஒரே வேலைக்கு எங்களுக்கும் வெள்ளைக்காரருக்கும் சம்பளம் ஒன்றாக இருக்காது. இது அநியாயம்தான். தெரிந்துகொண்டு போனால் கணக்குப் பிழைக்காது.

எந்தச் சான்றிதழுக்குக் காசு கொடுப்பது

நீங்கள் போக நினைப்பது பாடசாலைக்கா, மொழி நிலையத்துக்கா என்று முதலில் முடிவெடுங்கள். மாலைதீவிலும் வளைகுடாவிலும் பாடசாலைகளுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவே பெறுமதியானது. வியட்நாம் மொழி நிலையங்களுக்குச் செல்டா அல்லது ட்ரினிட்டியின் சேர்ட்டிசோல் என்ற ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ் பெறுமதியானது. இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தேவையில்லை.

செல்டா கேம்பிரிட்ஜ் வழங்கும் சான்றிதழ். முழுநேரமாக 4 வாரம், 120 மணித்தியாலம். உண்மையான மாணவர்களுக்கு முன்னால் 6 மணித்தியாலம் கற்பிக்க வேண்டும், அதைப் பயிற்றுநர் பின்னால் இருந்து பார்த்து மதிப்பிடுவார். அதோடு 4 எழுத்து ஒப்படைகளும் உண்டு. இணையவழியாகவும் செய்யலாம். மலிவான 120 மணித்தியால டெஃபல் (ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பித்தல்) சான்றிதழ்களில் இல்லாதது இந்த 6 மணித்தியாலம்தான். நேர்முகத்தில் “நீங்கள் கற்பித்ததை யார் பார்த்தார்கள்” என்று கேட்கும்போது அந்தக் குறை வெளியே தெரிந்துவிடும். ஆகவே மலிவான சான்றிதழைத்தான் எடுக்க முடியும் என்றால், அதோடு ஊரிலேயே மேற்பார்வையுள்ள வகுப்பு அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எச்.என்.டி.ஈ. என்ற ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா முடித்தவர்களும் கல்வியியற் கல்லூரி டிப்ளோமா உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன நாடுகள் ‘பட்டம்’ என்று கேட்கும் இடத்தில் டிப்ளோமாவை ஏற்பது அரிது. எவ்வளவு நல்ல ஆசிரியராக இருந்தாலும் விசா உத்தியோகத்தருக்கு முன்னால் இருப்பது படிவத்தில் ‘பட்டம்’ என்ற ஒரு கட்டம் மட்டுமே. திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. வேலை செய்துகொண்டே அதை முடித்துவிட்டுப் போவதுதான் நீண்ட கால நோக்கில் இலாபம்.

ஐயெல்ட்ஸில் ‘அக்கடமிக்’ வகையைத்தான் எடுக்க வேண்டும். பெறுபேறு 2 வருடத்துக்குச் செல்லும். நம்மவர்களைப் பெரும்பாலும் இழுத்து விழுத்துவது எழுத்துப் பகுதி. இரண்டாவது வினாவுக்குக் குறைந்தது 250 சொல், முதலாவதுக்கு 150 சொல், மொத்தம் 60 நிமிடம். இரண்டாவதற்குப் புள்ளி இரண்டு மடங்கு. எனவே அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். ரியூசனில் பாடமாக்கிய கட்டுரைத் தொடக்கங்களைப் பரீட்சகர் உடனே அடையாளம் காண்பார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுதுவதே போதும்.

பத்திரங்கள்

நல்ல வேலை வாய்ப்புகள் கைநழுவிப் போவது பெரும்பாலும் பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். தர்ஷினி என்ற பெயர் ஒரு பத்திரத்தில் ரீ-எச் என்று தொடங்கும், இன்னொன்றில் டீ-எச் என்று தொடங்கும். எங்களுக்கு இது ஒரே ஆள். ஹனோயிலோ தோஹாவிலோ கோப்பைப் பார்க்கிறவருக்கு இவர்கள் மூன்று பேர். ஆகவே கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்து, மற்றப் பத்திரங்கள் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். பட்டச் சான்றிதழ் இன்னும் அச்சாகவில்லை என்றால் இப்போதே பல்கலைக்கழகத்தில் சொல்லிவிடுங்கள், அச்சான பிறகு மாற்றுவது பெரும் அலைச்சல். திருத்த முடியாதவற்றுக்கு எல்லா வடிவங்களும் ஒருவரையே குறிக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்திருங்கள்.

அடுத்தது, சான்றிதழை லமினேற் செய்யாதீர்கள். பாதுகாப்புக்காகச் செய்கிறோம் என்று நினைத்து நிறையப் பேர் செய்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு மேல் முத்திரை குத்த முடியாது, உரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

சான்றுறுதிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பத்திரத்தை வழங்கிய நிறுவனம் அதை உறுதிப்படுத்த வேண்டும்: பட்டத்துக்குப் பல்கலைக்கழகம், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளுக்குப் பரீட்சைத் திணைக்களம். பிறகு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியுலர் பிரிவு. அதற்குப் பிறகு போகும் நாட்டின் கொழும்புத் தூதரகம். சில நாடுகளில் போய் இறங்கிய பிறகு அங்கத்தைய வெளிநாட்டு அமைச்சின் முத்திரையும் வேண்டும். ஒரு படியைத் தாண்டிப் போனால் திருப்பி அனுப்புவார்கள். கொன்சியுலர் வேலைக்காகப் பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏற முன்னர், திருகோணமலையிலுள்ள பிராந்தியக் கொன்சியுலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தூதரக வேலைக்கு மட்டும் கொழும்பு போனால் போதுமாக இருக்கும்.

எதை எப்போது எடுப்பது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. காலாவதியாகாத பட்டச் சான்றுறுதியை முதலில் முடியுங்கள். 2 வருடம் நிற்கும் ஐயெல்ட்ஸ் அதற்கு அடுத்தது. பொலிஸ் நற்சான்று அறிக்கை கடைசி. வியட்நாம் வேலை அனுமதிக்கு அது 6 மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். முந்தி எடுத்தால் வேலை கிடைக்கும் நேரத்தில் காலாவதியாகி, திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். விண்ணப்பத்தில் நீங்கள் வாழ்ந்த முகவரிகளை ஒழுங்காகக் கொடுங்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படிக்கும்போது தங்கிய விடுதியை விட்டுவிடுவதால் தாமதமாகிறது.

அரச பாடசாலை ஆசிரியர்கள் வலயக் கல்வி அலுவலகம் ஊடாகச் சம்பளமற்ற விடுமுறைக்கு எழுத்தில் அனுமதி பெறாமல் விமானம் ஏறக்கூடாது. “அதிபருக்குச் சொல்லியிருக்கிறேன்” என்பது அனுமதி ஆகாது. பதவியை வறிதாக்கியவராகக் கருதப்பட்டால், ஓய்வூதியத்துக்காகச் சேர்த்த வருடங்களே ஆபத்தில் விழும்.

விண்ணப்பமும் நேர்முகமும்

தன்விபரம் 2 பக்கத்துக்கு மேல் வேண்டாம். சமயம், தகப்பன் தொழில், விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். “5 வருடம் ஆங்கிலம் கற்பித்தேன்” என்பதில் எந்தத் தகவலும் இல்லை. “தரம் 6 முதல் 9 வரை, வகுப்புக்கு 35 பேர், வாரம் 18 பாடவேளை” என்று எழுதுங்கள். ரியூசன் அனுபவமும் அனுபவம்தான். நிலையத்தின் கடிதத்தாளில் தொடங்கிய திகதி, மாணவர் வயது, வார மணித்தியாலம் ஆகியவற்றைப் போட்டு ஒப்பமும் தொலைபேசி எண்ணும் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்கள் ரியூசன் கொட்டில்களில் நடப்பது பெரும்பாலும் சாதாரண தரப் பரீட்சைக்கான இலக்கணம். வெளிநாட்டு நிலையம் கேட்பது மாணவரைப் பேச வைக்கும் ஆசிரியரை. அதற்கு ஊரிலேயே பழகலாம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வரவேற்பு மேசை ஆங்கிலம் அவசரமாகத் தேவை. 6 பேரைச் சேர்த்து, வாரம் இரண்டு தடவை, 3 மாதம் நடத்தினால் உங்களிடம் பாடத்திட்டங்களும் இருக்கும், அவர்கள் சம்மதித்தால் 5 நிமிட வகுப்புக் காணொளியும் இருக்கும். சான்றிதழைவிட அந்தக் காணொளி அதிகம் பேசும்.

நேர்முகத்தில் மாதிரிப் பாடம் 15 அல்லது 20 நிமிடம் கேட்பார்கள். 20 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: படம் ஒன்றைக் காட்டிப் பேச வைக்க 3, புதிய அமைப்பை அறிமுகப்படுத்த 5, விளங்கியதா என்று சோதிக்க 2, கட்டுப்பாடான பயிற்சிக்கு 4, மாணவர் தாங்களாகப் பேச 6. அதிகம் பேர் தோற்பது அந்த 2 நிமிடச் சோதனையில். “விளங்குதா?” என்று கேட்டால் எல்லா நாட்டு மாணவரும் தலையாட்டுவார்கள். அதைக் கேட்காதீர்கள். ‘யூஸ்ட் டு’ அமைப்பைக் கற்பிக்கிறீர்கள், உதாரணம் முன்பு துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் என்று வையுங்கள். “இப்பவும் அங்கே வேலையா?”, “முன்பு ஒரு நாள் மட்டும் செய்தாரா, பல நாளா?” என்று சின்னக் கேள்விகள் கேளுங்கள். பதிலே விளக்கத்தைக் காட்டிவிடும். ‘பாஸ்ட் ஹபிச்சுவல்’ என்ற இலக்கணப் பெயர் தேவையே இல்லை.

உச்சரிப்பில் வெள்ளைக்காரரைப் போல நடிக்கத் தேவையில்லை. இலங்கைத் தொனி தெளிவானது, அதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். கருத்தை மாற்றும் பிழைகளை மட்டும் திருத்துங்கள். தமிழில் நாங்கள் கோப்பி என்று சொல்லிப் பழகியதால் ஆங்கிலத்தின் ‘ஃப’ ஒலி ‘ப’ ஆகிவிடுகிறது. மேல் பல் கீழுதட்டைத் தொட வேண்டும், கண்ணாடி முன்னால் பாருங்கள். சோறும் எழும்புதலும் எங்கள் வாயில் இரண்டும் ‘ரைஸ்’. இரண்டாவதில் தொண்டை அதிர வேண்டும், கழுத்தில் விரலை வைத்துச் சோதிக்கலாம். திராட்சைக் கொடிக்கும் மதுவுக்கும் ‘வைன்’ ஒன்றுதான். மதுவுக்கு உதடு குவிய வேண்டும், பல் படக்கூடாது. சொல்லின் முடிவில் ‘உ’ சேர்ப்பதையும் (பஸ்ஸு, புக்கு) விடுங்கள். தினமும் 10 நிமிடம் உங்கள் குரலைத் தொலைபேசியில் பதிந்து கேட்டால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் சேவை முடிவுக் கொடுப்பனவு முதல் 5 வருடத்துக்கு, வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடப்படும். 6,000 திர்ஹமில் அடிப்படை 2,000 மட்டும் என்றால் இந்தத் தொகையும் மூன்றில் ஒன்றாகிவிடும். அங்கே ஆள்சேர்ப்புச் செலவையும் விசாச் செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும் என்பது சட்டம். அதைச் சம்பளத்தில் கழிக்கும் வாசகம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு எத்தனை கற்பித்தல் மணித்தியாலம், அதற்கு மேல் எத்தனை மணித்தியாலம் அலுவலகத்தில் இருக்க வேண்டும், விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா, திரும்பும் விமானச் சீட்டு யார் பொறுப்பு, விலக எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பவை எழுத்தில் இல்லாவிட்டால் இல்லை என்றே கொள்ளுங்கள். கடவுச்சீட்டை ‘பாதுகாப்பாக வைத்திருக்க’ யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

ஏமாற்றும் ஆட்கள்

ஆங்கிலமும் கணினியும் தெரிந்த இளைஞர்களைத் தாய்லாந்து வேலை என்று சொல்லி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைத்த சம்பவங்களில் இலங்கையரும் சிக்கியிருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியர் வேலை தேடுகிறவர்களைக் குறிவைத்தும் இந்த மோசடிக்காரர்கள் வலைவீசுகிறார்கள். அடையாளங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: வட்ஸ்அப்பில் மட்டும் நேர்முகம், மாதிரிப் பாடமே கேட்காதது, பட்டம் தேவையில்லை என்பது, அளவுக்கு மீறிய சம்பளம், “முதலில் விசிற் விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றித் தருகிறோம்” என்ற பேச்சு. கடைசியாகச் சொன்னது ஒன்றே மறுப்பதற்குப் போதும். மாலைதீவு வந்திறங்கியவுடன் 30 நாள் சுற்றுலா விசா தருவதால் அங்கேயும் இந்தத் தந்திரம் நடக்கிறது. வேலை அனுமதி உங்கள் பெயரில் கையில் வந்த பிறகே விமானச் சீட்டு.

முகவர் ஊடாகப் போவதானால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இன்னும் நடைமுறையில் உள்ளதா, அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அனுமதி பெறப்பட்டதா என்று இரண்டையும் பாருங்கள். உரிமம் உள்ளவர்கூட அனுமதி இல்லாத வேலைக்கு ஆள் சேர்ப்பதுண்டு. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம், அல்லது உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போகலாம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்தவர்கள் இதற்காக நகரத்துக்கு வரத் தேவையில்லை. நீங்களே தேடி எடுத்த வேலையாக இருந்தாலும் புறப்பட முன்னர் பணியகத்தில் பதிவு கட்டாயம். காப்புறுதியும், பிரச்சினை வந்தால் தூதரகம் தலையிடுவதும் அந்தப் பதிவோடு வருகின்றன.

பட்டம் முடியும் வரை, அல்லது வீட்டுச் சூழ்நிலையால் இப்போது போக முடியாவிட்டால், இணையவழி வகுப்பு ஒரு பாலமாக இருக்கும். ப்ரெப்லி போன்ற தளங்களில் புதிய மாணவரின் முதல் பாடக் கட்டணம் முழுவதும் தளத்துக்கே போகும், பிறகு தளம் எடுக்கும் பங்கு 33 வீதத்திலிருந்து மெல்லக் குறையும். ஐடோக்கி என்ற தளம் 15 வீதம் எடுக்கிறது. வருமானத்தைவிட, 100 மணித்தியாலக் கற்பித்தல் பதிவும் மாணவர் கருத்துகளும் பிற்பாடு தன்விபரத்தில் உதவும். மின்வெட்டுக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்கி ரவுட்டரை அதில் இணைத்துவிடுங்கள்.

புறப்படும்போது மூலச் சான்றிதழ்களைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். ஒவ்வொன்றின் வர்ணப் பிரதியும் ஒரு தொகுதி வீட்டில் இருக்கட்டும், இன்னொரு தொகுதி மின்னஞ்சலில் இருக்கட்டும். முதற் சம்பளம் பெரும்பாலும் முதல் மாதம் முடிந்த பிறகே வரும் என்பதால், 6 வாரச் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் காசு கையோடு வேண்டும். அதைக் கடனாக வாங்காமல், விண்ணப்பிக்கத் தொடங்கும் மாதத்திலிருந்தே ரியூசன் காசில் ஒதுக்கி வையுங்கள்.